தேலென் போகும்வரை

இந்த ஊரில் ‘ஆமாம்’ என்று சொல்வதற்கு மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். ‘யா’ என்பது அவர்களுடைய ஆமாம். அதை நம்மைப் போல வெளியே விட்டுச் சொல்வதில்லை. திடுக்கிட்டவர்கள் மாதிரி நெஞ்சுக்குள் வாங்கிச் சொல்வார்கள். நம் ஊரான மண்டபத்தின் கடற்கரையில் நிற்கிற பெண்களிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வந்தால் கடலுக்குப் போன எந்த வத்தை திரும்பவில்லை என்று கேட்டுக்கொண்டு ஓடுவோம். நார்வே நாட்டின் வடக்கே, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் ஒரு சிற்றூரில், படகு கட்டும் கம்பெனியின் வரைபட அறையில் நான் பயிற்சியாளனாகச் சேர்ந்த முதல் வாரம் அது. தலைமை வடிவமைப்பாளர் ஹால்வர்சன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, நான் வரைந்திருந்த படகின் விலா எலும்புகளைப் பார்த்தார். ‘ஹ்யா’ என்று மூச்சை இழுத்தார். அவர் நகர்ந்ததும், காலையிலிருந்து வரைந்தது அத்தனையையும் ரப்பரால் அழித்தேன். மதியம் அவர் வெறுந்தாளைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார். “சரியாகத்தானே இருந்தது?” என்றார். பக்கத்து மேசையில் இருந்த இன்னொரு பயிற்சியாளன் நில்ஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவர் ஆமாம் என்றுதான் சொன்னார் என்று அவன்தான் விளக்கினான்.

நம் ஊரில் இருப்பவர்கள் என்னை வெளிநாட்டில் கப்பல் கட்டுகிற என்ஜினீயர் என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். நான் அப்போது செய்த வேலையைச் சொல்கிறேன். நீளமான மரப்பட்டியை மேசைமேல் வளைத்து, அது நழுவாமல் ஈயக்கட்டிகளை வரிசையாக வைத்து அழுத்தி, அந்த வளைவின் ஓரமாகப் பென்சிலை இழுக்க வேண்டும். கோடு எங்கேயாவது முட்டி நின்றால் முழுவதும் மறுபடி. வேறொருவர் யோசித்த படகை டிரேசிங் துணியில் மையால் பிரதி எடுக்க வேண்டும். சாயங்காலம் பேனா முனைகளைக் கழுவ வேண்டும். படத்தின் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டிலும் என் பெயர் வராது. பயிற்சியாளனுக்கு இங்கே ‘லேர்லிங்’ என்று பெயர். இரண்டு வருஷம் என் சொந்தப் பெயரைவிட அதைத்தான் அதிகம் கேட்டேன்.

எங்களுடையது தோணிக்காரக் குடும்பம். வாப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றும் தோணியில் பங்குக்காரர். சுதந்திரத்துக்குப் பிறகு பாஸ்போர்ட், பர்மிட், சுங்கம் என்று ஒவ்வொன்றாக வந்தது. பக்கத்துத் தெரு போல இருந்த இலங்கை வெளிநாடாகிப்போனது. தோணி கரையில் கிடந்து வெயிலில் பலகை பிளந்தது. வாப்பாவும் அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை. அண்ணன் சீனி காக்கா மீன்பிடி வத்தையில் போய் உம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். என்னை மதுரைக்கு அனுப்பி பாலிடெக்னிக் படிக்கவைத்தார். மீன்பிடி படகுகளுக்கு மோட்டார் வைக்க வேண்டும் என்று அரசாங்கம் பேசத் தொடங்கிய காலம். படகு வடிவமைப்புப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று வருஷம் நார்வேயில் பழக வேண்டும். திரும்பியதும் நம் கரையிலேயே ஒரு படகு கட்டும் தளம் திறப்பார்கள். அதில் நான் வடிவமைப்பாளன். இப்படித்தான் சொன்னார்கள். உம்மா ஒரு நிபந்தனை வைத்தார், கல்யாணம் முடித்துவிட்டுப் போ என்று. மாமி மகள் ராபியாவை நிக்காஹ் செய்து, வீட்டில் மஞ்சள் வாடை போவதற்குள் கிளம்பினேன். மண்டபம் ஸ்டேஷனில் காக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஏலே சுலைமான், படிச்சு முடிச்சதும் வந்துரணும். அங்கன தங்கிப்போயிராதடா” என்றார். ராபியா வெள்ளைத் துப்பட்டிக்குள் நின்றாள். அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ராபியா வந்தாள். அவள் வளையல்கள் கப்பல் டிக்கெட்டாயின. கொழும்புவரை காக்கா கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து லண்டன் போகிற ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் குடும்பத்தோடு கப்பல் ஏறி, அவர்கள் மாற்றி ஏற்றிவிட்ட இன்னொரு கப்பலில் தனியாக பெர்கன் துறைமுகத்தில் வந்து இறங்கினாள். எங்கள் தெருவைத் தாண்டித் தனியாகப் போயிராத பெண். அதே வெள்ளைத் துப்பட்டி, உப்புக் காற்றில் விறைத்துப்போய் அவளைச் சுற்றி நின்றது. “மச்சான், இம்புட்டுத் தொலைவுல யாருக்குப் படகு போட்டுக்கிட்டு இருக்கீக?” என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

அது கோடை. இங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை. அவள் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டுத் தூங்கினாள். வெளிச்சத்தை அவளால் சகித்துக்கொள்ள முடிந்தது. நவம்பர் கடைசியில் சூரியன் போனதும்தான் அவள் பேச்சு குறைந்தது. மலைக்குப் பின்னால் பகலில் சிறிது நேரம் நீலமாக ஒரு வெளிச்சம் வரும், மற்றபடி இருட்டு. “சூரியனே இல்லாத ஊருல லுஹர் எப்ப, மஃரிப் எப்ப மச்சான்?” என்று கேட்டாள். தொழுகை நேரத்தைக் கேட்பதற்கு ஓர் ஆலிம்சா இந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. கடைசியில் அவளே கடிகாரத்தை மண்டபத்து நேரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டாள். நான் வேலைக்குப் போகும்போது அவளுக்கு மதியமாகியிருக்கும். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி கனமான கம்பளிக் காலுறைகள் பின்னிக் கொடுத்து, நாளெல்லாம் ஏதோ சொல்லுவாள். ராபியா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் புரிந்ததே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஹால்வர்சன் முதல்முறையாக ஒரு படகை முழுசாக என்னிடம் கொடுத்தார். நம் பக்கத்துக் கடலுக்குப் போகப் போகிற மோட்டார் படகு. “இது உன் கடலுக்கு. நீயே வரை” என்றார். நான் ஓடி வந்து ராபியாவிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே, “அதுல நம்மளயும் ஏத்திக்கிட்டுப் போவாகளா?” என்றாள்.

பிப்ரவரியில் பையன் பிறந்தான். சூரியன் திரும்பி வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மூச்சு சரியில்லை என்றார் டாக்டர். நான் அவன் காதில் பாங்கு சொன்னேன். வாப்பாவின் பெயரையே வைத்தோம், செய்யது. அழுதான், ஒரு தடவை நன்றாக அழுதான். ராபியா அந்த அழுகையைத்தான் பிறகெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மறுநாள் பகலில் அவன் மவுத்தானான்.

நம் ஊரில் ஒரு மவுத்து என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர்கள் அழ மட்டும் செய்தால் போதும். குளிப்பாட்டுகிறவர், கபன் துணி வெட்டுகிறவர், குழி தோண்டுகிறவர் எல்லாரும் தாமாக வந்துவிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் மையவாடியில் அடக்கம் முடிந்துவிடும். இங்கே நானும் அவளுமாகக் குளிப்பாட்டினோம். ராபியா தன் வெள்ளைத் துப்பட்டியை எடுத்து வந்து, நடுங்காமல், நேராக வெட்டினாள். கபனுக்குப் போக மீதி நிறையத் துணி இருந்தது.

பெட்டி இல்லாமல் அடக்கத்துக்கு எடுத்துப்போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நில்ஸ் என்னைக் கம்பெனியின் தச்சர் அர்னேயிடம் அழைத்துப்போனான். அர்னே, “நீளம்?” என்று கேட்டார். தினமும் வரைபட அறையில் எத்தனையோ முறை என்னைக் கேட்கிற கேள்விதான். இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினேன். அர்னே மடக்குக்கோலை விரித்து, என் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அளந்துகொண்டார். கைகளை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

இந்த ஊரில் ஒரே ஒரு கல்லறைத்தோட்டம். தேவாலயத்தைச் சேர்ந்தது. பாதிரியார் நல்ல மனிதர். ஓர் ஓரத்தில் இடம் தருவதாகச் சொன்னார். “இன்றைக்கே வேண்டும், எங்கள் மார்க்கத்தில் தாமதிக்கக் கூடாது” என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. “முடியாதே. தேலென் போகும்வரை காத்திருக்க வேண்டும்” என்றார். எனக்குத் தெரிந்த நார்வே மொழி பலகைக்கும் ஆணிக்கும் வளைவுக்கும் உரியது. தேலென் யாரோ ஓர் அதிகாரி என்று நினைத்தேன். “அவர் எங்கே இருக்கிறார்? நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன்” என்றேன். பாதிரியார் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக, “மண்ணுக்குள்” என்றார். துக்கத்தில் என் மூளை கலங்கிவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நான் நினைத்தேன். “எப்போது போவார்?” என்றேன். “மே மாதம். சில வருஷம் ஜூன்கூட ஆகும்.”

வீட்டுக்கு வந்து, தேலென் என்று ஓர் ஆள் அனுமதிக்க வேண்டுமாம் என்று ராபியாவிடம் சொன்னேன். அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். “அவரு பொஞ்சாதிகிட்ட நான் போயி கேக்கவா மச்சான்? புள்ள பெத்தவளா இருந்தா, விடச் சொல்லிருவா” என்றாள். நடக்கத் தெம்பில்லாதவள் கால்களைக் கீழே இறக்கிச் செருப்பைத் துழாவினாள்.

நில்ஸிடம் ஓடினேன். “தேலென் வீடு எது?” என்று கேட்டேன். அவன் கம்பெனிக் கிடங்கிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு என்னைக் கல்லறைத்தோட்டத்துக்கு அழைத்துப்போனான். பனியை விலக்கி, கடப்பாரையை என் கையில் கொடுத்து, குத்து என்றான். குத்தினேன். பாறையில் அடித்தது போலத் தெறித்து, கை மணிக்கட்டுவரை விண்ணென்று வலித்தது. “தேலென்” என்றான் நில்ஸ், மண்ணைக் காட்டி. மண்ணுக்குள் இறங்கி உறைந்து நிற்கிற குளிருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. அது இளகிப் போகும்வரை இந்த ஊரில் யாரையும் புதைக்க முடியாது. குளிர்காலத்தில் இறந்தவர்களைத் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள கல் வீட்டில் வைத்திருந்து, மண் இளகிய பிறகுதான் அடக்கம் செய்வார்கள். அவன் பாட்டியும் ஒரு குளிர்காலம் முழுக்க அதற்குள் இருந்தாளாம். அவனுக்கு அது சாதாரண விஷயம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நில்ஸும் அர்னேயும் படகுத்துறையிலிருந்து தார் தோய்ந்த மரத்துண்டுகளைச் சறுக்குவண்டியில் இழுத்து வந்தார்கள். அந்த ஓரத்து மண்ணின்மேல் தீ மூட்டி, தகரத்தால் மூடினோம். எரிந்து தணிந்ததும் தோண்டினோம். ஒரு சாண் வந்தது. மறுபடி தீ. வரைபட அறையிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். ஹால்வர்சன்கூட வந்து, கோட்டைக் கழற்றிவிட்டு மண்வெட்டியைப் பிடித்தார். முழங்கை ஆழம் போனதும், இளகிய தண்ணீர் குழிக்குள் தேங்கி எங்கள் கண்ணெதிரே மறுபடி உறையத் தொடங்கியது. அதற்கும் கீழே கடப்பாரை இறங்கவே இல்லை. கல்லறைத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மாக்னுஸ் கடைசியில் என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். “இந்த ஆழம் போதாது. நரி வரும்” என்றார். எல்லாரும் குல்லாயைக் கழற்றினார்கள். செய்யதைக் கல் வீட்டில் வைத்துப் பூட்டினோம்.

மூன்று மாதம் அவன் அங்கே இருந்தான்.

பயிற்சியாளனுக்கு விடுப்பு கிடையாது. மூன்றாம் நாள் மேசைக்குத் திரும்பினேன். எனக்கென்று கொடுத்த படகு அப்படியே இருந்தது. ஈயக்கட்டிகளை அடுக்கி, பட்டியை வளைத்து, நம் கரைக்கான படகை வரைந்தேன். விலா விலாவாக வரைந்தேன். ஹால்வர்சன் பின்னால் வந்து நிற்பார். தோளைத் தொட்டுவிட்டுப் போவார். வேலை நன்றாக வந்தது என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கோடும் முட்டவில்லை.

ராபியா வெள்ளிக்கிழமைதோறும் கல் வீட்டுக்கு நடந்து போனாள். பூட்டிய கதவுக்கு வெளியே பனியில் நின்று யாசீன் ஓதினாள். ஊர்ப் பெண்கள் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். ஒருத்தி ஒருநாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நோன்புக்காலம் என்று சொல்லத் தெரியாமல் ராபியா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றாளாம், ஆறிப்போகும்வரை. பெருநாள் வந்தது, இரண்டு பேராகத் தொழுதோம். அன்றைக்கு அவள் என்னிடம், “புள்ள மண்ணுக்கும் சேராம மடிக்கும் சேராம கெடக்கான் மச்சான். நீங்க எப்படிப் போயி கோடு போடுறீக?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மே மாதக் கடைசியில் மாக்னுஸ் வீட்டுக் கதவைத் தட்டி, “தேலென் போய்விட்டது” என்றார். கம்பெனியில் இருந்த கடல் வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்து நான் கிப்லாவைக் கணக்கிட்டேன். இங்கிருந்து மக்கா தெற்கும் கிழக்குமான ஒரு சாய்வில் இருக்கிறது. அதற்கேற்ப மாக்னுஸ் கயிறு பிடித்துக் குழி வெட்டினார். மற்ற கல்லறைகள் எல்லாம் வரிசை பிசகாமல் கிழக்கு மேற்காக இருக்க, இது ஒன்று மட்டும் குறுக்கே சாய்ந்து விழுந்தது. மாக்னுஸ் இரண்டு தடவை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஜனாஸா தொழுகைக்கு நான் முன்னால் நின்றேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் ராபியா வந்து நின்றிருந்தாள். நம் ஊரில் பெண்கள் மையவாடிக்கு வருவதில்லை. “பின்னால ஒரு ஆளுகூட இல்லாம எப்படித் தொழுவீக? நான் நிக்கிறேன்” என்றாள்.

அந்தக் கோடையில் என் பயிற்சி முடிந்தது. நம் கரையில் திறப்பதாகச் சொன்ன படகு கட்டும் தளம் வேறொரு கரைக்குப் போய்விட்டதாகவும், அங்கே ஆள் எடுத்தாயிற்று என்றும் செய்தி வந்தது. ஹால்வர்சன் என்னை இங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். இன்னொரு குளிர்காலத்தைத் தாங்க முடியாது என்று ராபியா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். நானும் வருகிறேன், வத்தையில் போய்ப் பிழைத்துக்கொள்வோம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்துவிட்டு, “நம்ம ரெண்டு பேரும் போயிட்டா அவனுக்கு இங்கன யாரு இருக்கா மச்சான்? ஒரு ஆளு இருக்கணும்ல. எனக்கு ஏலல. நீங்க இருங்க” என்றாள்.

இருக்கிறேன். பெர்கனில் அவளைக் கப்பலேற்றிவிட்டு வந்து, மறுநாள் மேசையில் உட்கார்ந்தேன். இப்போது படத்தின் மூலைக் கட்டத்தில் என் பெயர் வருகிறது.

அவள் கொழும்பில் இறங்கி, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வந்து வீடு சேர்ந்தாள். பிறகு வந்த புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. அவள் வந்த வழியும் திரும்பிய வழியும் இப்போது தண்ணீருக்குள் கிடக்கின்றன. போன வருஷம் நான் ஒருமுறை, பம்பாய் வழியாக, ஊருக்குப் போனேன். உம்மாவோடுதான் ராபியா இருக்கிறாள். எனக்குச் சோறு போட்டாள், விசிறினாள், விருந்தாளியைப் போலக் கவனித்துக்கொண்டாள். தனியாக இருக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: “அங்கன இப்ப மண்ணு எளகியிருக்குமா?” எளகியிருக்கும் என்றேன். இங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காக்காவோடு மையவாடிக்குப் போனேன். வாப்பாவின் கபர்மேல் முளைத்திருந்த முள்செடியைக் காக்கா பிடுங்கிப் போட்டார். அவருக்கு நரைத்துவிட்டது. மணலைக் கையால் சமப்படுத்திக்கொண்டே, “வாப்பா பக்கத்துல இந்த எடம் சும்மாத்தான் கெடக்கு. ஒனக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். எப்ப ஆனாலும் வந்து சேந்துருடா” என்றார். நான் சரி காக்கா என்றேன்.

இங்கே திரும்பி வந்த வாரம் கல்லறைத்தோட்டத்துக்குப் போனேன். அக்டோபர், தரை இறுகத் தொடங்கியிருந்தது. மாக்னுஸ் சருகுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். சாய்ந்து கிடக்கும் சின்னக் கல்லறைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த புல்தரையைக் காட்டி, “வேறு யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடு. இது உனக்குத்தானே?” என்றார். என் பெயரை எழுதிக்கொள்ள அவர் பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டுக்கொண்டு என் பதிலுக்குக் காத்து நின்றார். நான் அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பனி, மாவு தூவுகிற மாதிரி, அதன்மேல் விழ ஆரம்பித்திருந்தது.